சரளைக் குழியில் மெல்வினாவின் தோட்டம்

மெல்வினா கோல்ஸ் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நின்றதைப் பைப்பர்ஸ் ஹார்பரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஈசாவ் ரம்போல்ட்டுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த பிள்ளைகளில் அவள்தான் கடைக்குட்டி. மூத்த தாரத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு மூலை பிடிக்கவே மல்லுக்கட்ட வேண்டும். அங்கே பழகிய பழக்கம் அவளைக் கடைசிவரை விடவில்லை.

நண்டு ஆலையில் வேலைக்குப் போன புதிதில் ஒரு மேற்பார்வையாளன் வந்து சேர்ந்தான். பெண்கள் கழிப்பறைக்குப் போனால் விசில் ஊதிக் கூப்பிடுவான். ஒருநாள் மெல்வினா அவன் கழுத்திலிருந்து அந்த விசிலைக் கழற்றி, நண்டு ஓட்டுக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தன் இடத்தில் நின்றாள். கொஞ்ச நாள் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தபோது விசில் இல்லை.

அப்படிப்பட்டவளைக் கட்டினவன் ஹெட்லி கோல்ஸ். அசரியா கோல்ஸின் மூத்த மகன், எல்டனுக்கு அண்ணன். ஹெட்லி வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதில் இரண்டு "மெல்லைக் கேளு" என்பதாகத்தான் இருக்கும். அவன் பிப்ரவரியில் இறந்து போனான். அதற்கு முந்தைய வசந்தம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். அந்த வசந்தத்தில்தான் தோட்டம் தவறிப்போனது. கதையே அதிலிருந்துதான்.

நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடக்கு மூக்கில் எங்கள் ஊர், கடற்கரையெல்லாம் பாறை. ஒரு உருளைக்கிழங்கைப் புதைக்கவும் மண் கிடையாது. நெடுஞ்சாலை போட வந்தவர்கள் காட்டுக்குள் சரளை அள்ளி ஒரு பெரிய பள்ளத்தை விட்டுப் போனார்கள். ரோடு முடிந்ததும் அரசாங்கம் அந்தக் குழியை மறந்துவிட்டது, நாங்கள் மறக்கவில்லை. கடல்காற்று மேலோடு போய்விடும், கீழே இறங்காது. ஓரத்தில் ஓடை. ஊரில் பாதிப் பேர் கோடைக்குச் சக்கரம் வைத்த வீடான டிரெய்லரை இழுத்துக்கொண்டு அங்கேதான் போவோம். டிரெய்லருக்குப் பின்னால் ஆளுக்கொரு தோட்டம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், டர்னிப். மூஸ் மான் வராமல் சுற்றிலும் ஊசியிலை மரக் கம்பில் வேலி.

பட்டாவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. மண்ணைக் கிளறி விதை போட்டவருக்கு இடம், அவ்வளவுதான். ஒரு வசந்தம் தவறினால் நோய்நொடி என்று பொறுத்துக்கொள்வோம். இரண்டாவது வசந்தமும், மே மாதக் கடைசியில் வரும் ராணி பிறந்தநாள் விடுமுறைத் திங்கட்கிழமைக்குள், மண் கிளறாமல் கிடந்தால் அது புல் ஏறின இடம். யார் வேண்டுமானாலும் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தலாம். அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக்கூடாது.

ஏப்ரல் மாதம் எல்டன் அவள் சமையலறைக்கு வந்தான். பூட்ஸைக் கழற்றாமல் வாசல் மிதியடியிலேயே நின்றான். நீண்ட நேரம் இருக்கப்போவதில்லை என்று அர்த்தம். ஆனால் தேநீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் எண்பது வயதானாலும் பெண் 'பொண்ணே'தான், ஆண் 'பையா'தான்.

"மெல் பொண்ணே, இந்த வருஷம் குழிக்குப் போக மாட்டே, இல்ல?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒத்தை ஆளா எப்படிப் போவேன்னுதான். உன் தோள்பட்டை வேற..."

"தோள்பட்டைக்கு என்ன? கழுத்துக்குக் கீழதான் இருக்கு, பத்திரமா."

எல்டன் தேநீரைக் கலக்கினான். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது. அவன் கலக்கிக்கொண்டே இருந்தான். "ட்ரெவர் ஆல்பர்ட்டாவை விட்டுட்டு வர்றான் இல்ல. பொண்டாட்டி புள்ளைங்களோட. பெரிய டிரெய்லர் வாங்கியிருக்கான். அதை நிறுத்தற அளவுக்கு இடம், குழியிலயே உன் இடம் ஒண்ணுதான். ஓடைப் பக்கம் வேற. நான் ஒண்ணும் பறிச்சுக்கறேன்னு சொல்லல. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்போம். அங்க இன்னும் பனி இடுப்பளவு கிடக்கு, பொண்ணே. அது கரையறதுக்குள்ள திங்கட்கிழமை வந்துடும்."

"வந்தா வரட்டும். திங்கட்கிழமைக்கு நான் இருக்கேன்."

எல்டன் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மகன் ட்ரெவர் வேலை தேடி மேற்கே ஆல்பர்ட்டாவுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. பேரப்பிள்ளைகளைப் போனில்தான் பார்த்திருக்கிறான். குழியில் நல்ல இடம் கிடைக்காவிட்டால் ட்ரெவர் மனைவி ஊருக்கே டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று அவனுக்குப் பயம். ஆனால் பயத்தைச் சொல்ல ஆண்களுக்கு வாய் வருவதில்லை. சட்டத்தைச் சொல்ல வரும்.

அவன் போன பிறகு மெல்வினா அடுப்புச் சாம்பலைப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்க அள்ளிய சாம்பல், உப்புக்கறி வாங்கிய வெள்ளை வாளிகளில், கொட்டகை ஓரமாக வரிசையாக நின்றது. கருப்பாக எது கிடந்தாலும் வெயில் அதைப் பிடித்துக்கொள்ளும், அடியிலுள்ள பனி இளகும். வழுக்காமல் இருக்க வாசல்படியில் சாம்பல் போடும் யாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு தோட்டத்துக்கே போட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே வண்டியில் வாளிகளை ஏற்றிக்கொண்டு போனாள். குழியின் வாய் பனியால் அடைத்திருந்தது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, வாளிகளைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். வேலிக் கம்பின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, கோழிக்குத் தீனி இறைப்பதுபோல, சாம்பலை இறைத்தாள். அடுத்த வாரமும் போனாள். வீட்டுச் சாம்பல் தீர்ந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கினாள்.

ரோட்டில் பனிவண்டியில் போன லெஸ்டர் அவளைப் பார்த்து நிறுத்தினான். லெஸ்டர் மெல்வினாவுக்குச் சின்னம்மா மகன். அவன் மனைவி கெர்ட்டியோ எல்டனுக்கு அத்தை மகள். அதனால் இரண்டு பக்கமும் கேலி பேச அவனுக்கு உரிமை உண்டு, அதை அவன் வீணாக்குவதே இல்லை.

"என்ன மெல், பனிக்கு மிளகுத்தூள் போடறியா?"

"ஆமா. சாப்பிட வர்றியா?"

"உப்பும் போடு. எல்டனுக்கு உப்பு தூக்கலா இருந்தாத்தான் இறங்கும்."

ஆல்பர்ட்டாவிலிருந்து மகள் மெர்னா போனில் அழுதாள். "அம்மா, அந்தக் குழியில என்ன இருக்கு? சித்தப்பாவுக்கே குடுத்துட்டு இங்க வந்துடேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. நான் செத்துப்போன மாதிரி பக்கத்துல நின்னு காத்திருக்கான் பாரு, அதுக்குக் குடுக்க மாட்டேன்."

சாம்பல் வேலை செய்தது. ஏப்ரல் முடிவதற்குள் அவள் தோட்டம் மட்டும் கருப்பாக வெளியே வந்தது. சுற்றிலும் வெள்ளை, நடுவில் ஒரு கருப்புக் கம்பளம் விரித்த மாதிரி. குழியைப் பார்க்க வந்தவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். மெல்வினா விதை உருளைக்கிழங்கை நிலவறையிலிருந்து எடுத்து, முளை கட்டுவதற்காக ஜன்னலோரம் பரப்பி வைத்தாள். ஊர்க் கடையில் எல்டனைப் பார்த்தபோது, "உன் இடத்துல பனி எப்படி இருக்கு, பையா? நலமா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது.

மே மாதத் தொடக்கத்தில் வடக்கிலிருந்து மிதக்கும் பனிப்பாளங்கள், கடல்பனி என்போம், இறங்கி வந்து கரையில் ஒட்டிக்கொண்டது. காற்று அதன்மேல் தவழ்ந்து வந்தது. இரவெல்லாம் உறைபனி, பகலிலும் வெயில் ஏறவில்லை. மற்றவர்களின் தோட்டங்கள் பனிக்கு அடியில் போர்வைக்குள் கிடப்பதுபோலக் கிடந்தன. கடல்பனி விலகி வெயில் வந்ததும் பனி கரைந்து மண் மாவாக வெளியே வந்தது. மெல்வினாவின் மண்ணுக்குப் போர்வை இல்லை. அவளே உருவிவிட்டிருந்தாள். அது அத்தனை இரவுகளும் வெட்டவெளியில் கிடந்து இரும்பாக இறுகிவிட்டது.

விடுமுறைச் சனிக்கிழமை காலையில் தன் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டபோது 'டங்' என்றது. குழி முழுக்கக் கேட்டது.

டிரெய்லர்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் அவரவர் இடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். எலி கடித்த மெத்தைகளைத் தூக்கி வெளியே போட்டார்கள். உறைந்து வெடித்த குழாய்களைப் பார்த்துத் திட்டினார்கள். குளிர்காலத்தில் பனிவண்டிக்காரர்கள் வீசிப்போன டப்பாக்களைப் பொறுக்கினார்கள். உரத்துக்குக் கடற்பாசி ஏற்றிய வண்டிகள் தோட்டங்களுக்குப் பின்னால் நின்றன. மண்வெட்டிகள் சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கின. மெல்வினாவின் தோட்டத்திலிருந்து மட்டும் 'டங், டங்'.

எல்டன் வந்து பார்த்தான். அவன் வெள்ளிக்கிழமையே புது வேலிக் கம்புகளை ஒரு வண்டி நிறைய வெட்டிக்கொண்டு வந்து, அவள் தோட்டத்து ஓரத்தில் இறக்கி வைத்திருந்தான். வாயால் சொல்லாமல் கம்பால் சொன்னான்.

"போர்வையை எடுத்துட்டியே, பொண்ணே. மண்ணுக்குக் குளிரும்னு தெரியாதா? நம்ம அம்மாக்களுக்குக்கூடத் தெரியுமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவளுக்கே அது தெரிந்திருந்தது. அதனால்தான் காது மடல் வரை சிவந்தது.

"ஆமா, முட்டாள்தனம்தான். என்னோட முட்டாள்தனம். என்னோட மண்ணு. உனக்கு இதுல என்ன பங்கு? முதல்ல உன் கம்பை என் இடத்துலேர்ந்து எடு."

"திங்கட்கிழமை வரைக்கும் கிடக்கட்டும். அப்புறம் எடுக்கவே வேண்டியிருக்காது."

மெல்வினா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். நடுத்தோட்டத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். கெர்ட்டி ஒரு கிண்ணத்தில் பட்டாணிக் கஞ்சி எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

மெல்வினா கஞ்சியை வாங்கிக்கொண்டு கேட்டாள்: "கெர்ட்டி, பிப்ரவரியில ஹெட்லிக்கு எப்படிக் குழி தோண்டினாங்க?"

கெர்ட்டி மெதுவாகச் சொன்னாள். "நெருப்பு போட்டுத்தான். லெஸ்டரும் எல்டனும். விறகு எரிச்சு, தணலைப் பரப்பி, மேல தகரத்தைப் போட்டு மூடி வச்சாங்க. மறுநாள் தோண்டினாங்க."

"பிப்ரவரியில."

"பிப்ரவரியில."

"அவனுக்குத் திறந்த மண்ணு மே மாசத்துல எனக்குத் திறக்காதா?" என்று சொல்லிவிட்டு மெல்வினா கஞ்சியை நின்றுகொண்டே குடித்து முடித்தாள்.

எரிக்க விறகு வேண்டும். குழியில் அவரவர் விறகு அவரவருக்கு. ரோட்டோரத்தில் அடுக்கி வைத்துவிட்டுப் போனாலும் எங்கள் ஊரில் யாரும் அடுத்தவர் விறகில் ஒரு சிராய் எடுக்க மாட்டார்கள். எல்டனின் கம்புகள் கையெட்டும் தூரத்தில் கிடந்தன. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வேலியிடம் போனாள். பனி அழுத்தி, மூஸ் மிதித்து, பாதி சாய்ந்து கிடந்த வேலி. கம்பு கம்பாகப் பிடுங்கினாள். ஆணி துருப்பிடித்திருந்ததால் காலால் உதைத்தால் வந்தது. சுத்தம் செய்ததில் சேர்ந்தவற்றையும் இழுத்து வந்தாள்: உடைந்த மேசைக்கால், டிரெய்லருக்கு அடியில் கிடந்த இற்றுப்போன பலகைகள், காற்று முறித்துப் போட்ட கிளைகள். எல்லாவற்றையும் தோட்டத்து நடுவில் குவித்தாள்.

எல்டன் ஓடி வந்தான். "வேலியை எரிக்கறாளே! ஏய் மெல், வேலி இல்லாத தோட்டம் மூஸுக்கு வைக்கற விருந்து!"

"விருந்துக்கு உன்னைக் கூப்பிடல."

"வேலி இல்லன்னா அது தோட்டமே இல்ல."

"அப்படி எந்தச் சட்டத்துல இருக்கு? மண்ணைக் கிளறணும், விதை போடணும். வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு, நாளைக்குப் புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிட்டு வராதே."

எல்டன் லெஸ்டரைப் பார்த்தான். லெஸ்டர் வானத்தைப் பார்த்தான். "வேலி பத்தி நான் கேள்விப்பட்டதில்ல," என்றான். "ஆனா வேலியை எரிச்சுத் தோட்டம் போட்டவளையும் நான் கேள்விப்பட்டதில்ல."

நெருப்பு மூண்டது. ஒவ்வொரு வருஷமும் விடுமுறைச் சனிக்கிழமை குழியின் நடுவில் பெரிய நெருப்பு போட்டு எல்லாரும் சுற்றி உட்காருவது வழக்கம். அன்று சாயங்காலம் யாரும் நடுவில் போடவில்லை. எரிந்துகொண்டிருந்த நெருப்பு ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே இன்னொருவர். கெர்ட்டி மாவு உருண்டையைத் தட்டிப் பன்றிக் கொழுப்பில் பொரித்து வெல்லப்பாகு ஊற்றிக் கொடுத்தாள். சிறுபிள்ளைகள் தங்கள் இடத்துச் சுள்ளிகளைக் கொண்டுவந்து போட்டார்கள். எல்டன் மட்டும் தன் டிரெய்லர் வாசலில் உட்கார்ந்து முகத்தை ஓடைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

தணல் விழுந்ததும் மெல்வினா அதை வாரியால் இழுத்துப் பரப்பினாள். மூட ஒன்றுமில்லை. பச்சைக் கிளை போட்டால் புகைந்தே அணைந்துவிடும் என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, பின்னால் தகரம் உராயும் சத்தம் கேட்டது. எல்டனின் மனைவி வைலட் ஒரு நீளத் தகரத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

எல்டன் எழுந்து நின்றான். "வைலட்! அது என் தகரம்!"

"தெரியும். உன் அண்ணனுக்குப் போட்ட அதே தகரம்," என்றாள் வைலட், திரும்பாமலே. "அண்ணனுக்கு ஒண்ணும் சொல்லல, இப்ப என்ன கத்தறே? பிடி, மெல், அந்தப் பக்கம். சூடு போயிடும்."

இருவரும் தகரத்தைப் போட்டு மூடினார்கள். வைலட் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர்கள் டிரெய்லரில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்டனே தேநீர் போட்டதைப் பார்த்தோம்.

ஞாயிறு முழுக்க மெல்வினா நெருப்பை இடம் மாற்றி இடம் மாற்றி மூட்டினாள். அவள் வேலி முழுவதும் போயிற்று. டிரெய்லரின் படிக்கட்டும் போயிற்று; அதற்குப் பதில் உப்புக்கறி வாளியைக் கவிழ்த்து ஏறினாள். கோயிலுக்குப் போகவில்லை. ஹெட்லியின் ஈமச்சடங்கிலேயே கருப்பு உடுத்தமாட்டேன் என்று நண்டு ஆலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவள் அவள். ஒரு ஞாயிறு தவறியதைப் பாதிரியார் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை தகரத்தைத் தூக்கினாள். ஆவி எழும்பியது. மண்வெட்டியை வைத்துக் காலால் அழுத்தினாள். இறங்கியது. முழு ஆழத்துக்கு இல்லை, அரை மண்வெட்டிதான்; அடியில் இன்னும் கட்டியாக இருந்தது. சாணளவு ஆழம் இருந்தால் உருளைக்கிழங்குக்குப் போதும். தோளைப் பிடித்துக்கொண்டு கிளறினாள். சாம்பலும் மண்ணும் கலந்து கறுகறுவென்று வந்தது. எவ்வளவு கிளறியும் ஒரு கட்டில் அகலம்தான் தேறியது, அதைத் தாண்டினால் மறுபடி 'டங்'.

கடற்பாசியைப் பரப்பி, முளைவிட்ட கிழங்குத் துண்டுகளை வைத்து, மண்ணை இழுத்து மேடு கட்டினாள். எல்டன் வந்து நின்றான். இந்தமுறை சத்தம் போடவில்லை.

"இதைப் போய்த் தோட்டம்னா யாரு ஒத்துக்குவாங்க, மெல்? ஒரு ஆள் படுக்கற அகலம். பார்த்தா சவக்குழி மாதிரி இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. குழியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெல்வினா நிமிர்ந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட எல்டனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "சவக்குழி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், எல்டன். நீதானே தோண்டினே, பக்கத்துல நின்னு பார்த்தேன். அதுல வச்சது திரும்பி வராது. இதுல வச்சது வரும். அவ்வளவுதான் வித்தியாசம். அளவு பெரிசா வேணும்னா அடுத்த வருஷம் வா, காட்டறேன்."

எல்டன் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தான். பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்தான். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட விஷயத்தில் யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். கூட்டம் கூட்டிப் பேசுவதும் இல்லை. அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

கெர்ட்டிக்கு ஓடையில் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. மெல்வினாவின் தோட்டத்துக் குறுக்காகப் போனால் ஓடை பக்கம். போன கோடை முழுக்க எல்லாரும் அதன் வழியாகத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வந்தார்கள். ஆளில்லாமல் கிடந்த இடத்தில் யாரிடம் கேட்பது? சொந்தக்காரர் உள்ள தோட்டம் என்றால்தான் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். கெர்ட்டி வாளியோடு வந்தாள். வேலி இருந்த இடத்தில், இப்போது ஒன்றுமே இல்லாத அந்தக் கோட்டில், நின்றாள்.

"மெல், உன் தோட்டம் வழியா ஓடைக்குப் போகலாமா?"

மெல்வினா மண்வெட்டியில் சாய்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள், புகையாக இருக்கலாம். "போ, கெர்ட்டி. மேட்டை மிதிக்காமப் போ."

அடுத்து லெஸ்டர் வந்தான். அவன் கையில் வாளிகூட இல்லை. "நானும் போகலாமா, பொண்ணே?"

"உனக்கு எதுக்கு? தண்ணி குடிச்சு உனக்குப் பழக்கமே இல்லையே."

"சும்மா போய்ட்டு வரேன். கேட்டுப் பார்க்கணும்னு தோணுச்சு."

அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அந்த இல்லாத வேலியில் ஒவ்வொருவராக வந்து நின்று கேட்டார்கள். சிலருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது, சிலருக்குத் தேவைப்படவில்லை. மெல்வினா எல்லாருக்கும் போகலாம் என்றாள், ஒவ்வொருவரையும் ஏதாவது ஒன்று சொல்லித் திட்டி. எல்டன் மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு குழியை முழுதாகச் சுற்றி, மேட்டில் ஏறி, அந்தப் பக்கத்துக் குளத்துக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவன் தேநீர் கொதிக்கும்போது மற்றவர்கள் குடித்து முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அதே நாள் மத்தியானம் ட்ரெவர் பெரிய டிரெய்லரோடு வந்து சேர்ந்தான். அப்பா காட்டிய இடத்தைப் பார்த்தான், புதுமேட்டைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான். வண்டியைப் பின்னுக்கு எடுத்துக் குழியின் வாயருகே, காற்றடிக்கும் மேட்டிலேயே நிறுத்தினான். "எனக்கு இது போதும்பா," என்றான். "பெரியம்மாகிட்ட யாரு வாங்கிக் கட்டிக்கறது?" குழந்தைகள் அதற்குள் ஓடைக்குப் போய்விட்டன, கேட்டுக்கொண்டுதான்.

திங்கள் சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள், மறுநாள் வேலை. மெல்வினா போகவில்லை. வேலி இல்லாத தோட்டத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? செவ்வாய்க்கிழமை விடியலில் ஒரு பெண் மூஸ் வந்து, புது மண்ணை மோந்துபார்த்துக்கொண்டு நின்றது. மெல்வினா வாணலியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாளிப்படியில் இறங்கினாள். "போ! பக்கத்துல எல்டன் தோட்டம் இருக்கு, வேலியும் இருக்கு, போய்ப் பிரிச்சுத் தின்னு!" என்று தட்டினாள். மூஸ் இதுவரை இப்படிப்பட்ட பெண்ணைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, காட்டுக்குள் போய்விட்டது. எல்டனின் கம்புகள் அங்கேயே கிடந்தன. ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. ஓடைக்கரையில் சாய்ந்த மரங்களைத் தானே வெட்டலாமா என்று கோடாலியை எடுத்தாள், தோள் ஒத்துழைக்கவில்லை. கோடாலியை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை எல்டனின் வண்டி வந்து நின்றது. அவன் மட்டும் இறங்கினான். கையில் சுத்தியல், சட்டைப்பை கனக்க ஆணி. நேராக வந்தான். அந்தக் கோட்டில் வந்ததும் கால் நின்றது. எங்கோ பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினான்.

மெல்வினா வாளியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தாள். அவன் நிற்கட்டும் என்று விட்டாள். இன்னொரு மிடறு குடித்தாள்.

"வரலாமா?" என்றான் கடைசியில்.

"எதுக்கு?"

"கம்பை எடுக்கச் சொன்னியே."

"எடுத்துட்டுப் போ."

"எடுத்துட்டுப் போறதுன்னா வண்டியில ஏத்தணும், வீட்டுல இறக்கணும். நட்டுட்டா அந்த வேலை மிச்சம்." சட்டைப்பையிலிருந்த ஆணிகளைத் தடவினான். "வைலட் சொன்னா."

"வைலட் சொன்னாளா, நீ சொல்றியா?"

எல்டன் சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "நான்தான் சொல்றேன், பொண்ணே. அன்னைக்கு அந்த வார்த்தை... அது வாய் தவறி வந்துடுச்சு."

மெல்வினா தேநீர்க் கோப்பையை மண்ணில் வைத்தாள். எழுந்து அவன் அருகில் போய்க் கையை நீட்டினாள். எல்டன் கைகுலுக்கத்தான் என்று நினைத்துத் தன் கையைக் கொடுத்தான். அவள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

"என் வேலியை வேற யாரும் அடிக்க வேண்டாம். நீ கம்பைப் பிடி. நேராப் பிடி. ஹெட்லி மாதிரி சாய்ச்சுப் பிடிச்சேன்னா விரல்ல போட்டுருவேன்."

மத்தியானம் வரை அடித்தார்கள். அவன் பிடித்தான், அவள் அடித்தாள். தோள் வலித்தபோது கையை மாற்றி அடித்தாள்; இடதுகையால் அடித்த ஆணிகளெல்லாம் வளைந்தன. அந்தப் பக்கத்து வேலி இன்றைக்கும் கொஞ்சம் கோணல்தான்.

அந்தக் கோடையில் விதைத்ததில் பாதி குளிர்மண்ணில் அழுகிப்போனது. முளைத்த மீதியை ஆகஸ்டில் தோண்டி, ஒரே ஒரு சட்டி வேகவைத்து, உப்புக்கறியோடு எல்டன் வீட்டுக்கு அனுப்பினாள். அடுத்த வசந்தம் தோட்டம் முழுவதையும் கிளறினாள். யாரும் பார்த்து அளக்க வரவில்லை.